நடுவில் கேட்ட மைனா

காட்டுக் குளத்தில் யானைகளும் எருமைகளும் ஒன்றாகத் தண்ணீர் குடித்தன. ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல எப்போதும் ஒரு பறவை வேண்டும்.

அந்தப் பறவைகளுக்குப் பாடம் எடுத்தவள் கரிச்சான் டீச்சர். கெட்டிக்காரி, கண்டிப்பானவள். "தலையை நிமிர்த்து! குரலில் தேன் சொட்டணும்! பேசுகிறவரை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் வெட்கக்கேடு!" என்று தினமும் ஓதுவாள்.

கோடையில் மொழிபெயர்ப்புப் போட்டி வந்தது. ஜெயித்தால் குளத்து வேலை.

வகுப்பில் டீச்சரே யானை மாதிரி நிறுத்தி நிறுத்தித் தெளிவாகப் பேசிக் காட்டுவாள். போட்டியில் பேசியதோ நிஜக் கிழட்டு யானை. தழையை மென்றுகொண்டே முணுமுணுத்தது. "அந்த... மரத்தடியில் புதைசேறு. கன்றை விடாதே!"

கேட்க வேண்டியவள் கன்றோடு வந்திருந்த எருமை.

முதலில் கிளி வந்தாள். மரத்தின் பெயர் அவள் காதில் விழவே இல்லை. கேட்டால் வெட்கக்கேடாயிற்றே! "எழில்மிகு கரையில் கவனமாக நடப்பீராக!" என்று பாடாத குறையாக முழங்கினாள். கூடியிருந்த பறவைகள் படபடவென்று சிறகு தட்டின. நல்ல அழகு! கன்று துள்ளிக்கொண்டு நாவல் மரத்தடிக்கு ஓடியது.

அடுத்து மைனா.

"தாத்தா, தழையை முழுங்கிட்டுச் சொல்லுங்க! எந்த மரம்? மருதமா, நாவலா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீச்சர் தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"நாவல்!" என்றது யானை.

"எருமை அக்கா! நாவல் மரத்தடியில் புதைசேறு! கன்றைப் பிடிங்க!"

அதற்குள் கன்றின் முன்கால்கள் சேற்றில் இறங்கிவிட்டன. எருமை அலற, யானை ஓடிப்போய்த் துதிக்கையால் வெளியே இழுத்துப் போட்டது.

கிளிக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், அவள் விதியை மீறினாள்!"

"விதியே தப்புடி! போட்டவள் நான்தான்," என்றாள் டீச்சர், அத்தனை பேர் முன்னாலும். வேறு டீச்சராக இருந்தால் தன் விதிக்காகச் சண்டைக்குப் போயிருப்பாள்.

குளத்து வேலை மைனாவுக்குக் கிடைத்தது. மறுநாள் வகுப்பில் அந்தக் கிழட்டு யானையே தழையோடு வந்து நின்றது. முதல் பாடம், புரியாததை நிறுத்திக் கேட்பது எப்படி என்பது. முதலில் கேட்டவள் கிளி!

மாணவர் போட்டியில் தன் பாடத்தின் ஓட்டையைக் கண்டு, கூச்சப்படாமல் அதை அடைப்பவரே நல்ல ஆசிரியர்.