எய்ட்-கேயில் அக்காவின் முகம்

தேவசகாயம் தன் முதல் படத்தை உப்பளத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். படம் அவருடைய அக்கா ரோசம்மாளைப் பற்றியது. அக்காவுக்கு அங்கேதான் வேலை.

போன வருஷம் கடலுக்குப் போன அவள் மகன் சூசை திரும்பவில்லை. அன்றிலிருந்து அவளிடம் என்ன பேசுவதென்று தேவசகாயத்துக்குத் தெரியவில்லை. படம் எடுக்கலாம் என்று தோன்றியது.

ஒளிப்பதிவு கற்றுக்கொள்ள ஷாகிதாவிடம் சேர்ந்தார். ஷாகிதா அவரைவிடப் பத்து வயது இளையவர்.

மாசி மாதக் காலை. பாத்திகளில் வானம் கிடந்தது. மெல்லிய பனிக்குள் ரோசம்மாள் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். மேகத்தை வாருவது போலிருந்தது.

தேவசகாயம் கேமராவைத் தூரத்து வரப்பில் வைத்திருந்தார்.

"ஏன் இங்க?" என்றார் ஷாகிதா.

"எய்ட்-கே கேமரா மேடம், அவ்வளவு துல்லியமா எடுக்கும். இங்கேருந்து எடுத்துட்டு, அப்புறம் எடிட்டிங்ல முகத்தை மட்டும் பெருசாக்கிக்கலாம்."

எடுத்ததை மானிட்டரில் போட்டு, ஷாகிதா முகத்தைப் பெரிதாக்கினார்.

"என்ன தெரியுது?"

"எல்லாம் தெரியுது. இமையில உப்பு ஒட்டியிருக்கு. உதடு வெடிச்சிருக்கு." சற்று நிறுத்தினார். "ஆனா யாரோ மாதிரி இருக்கு. இதைவிடப் பெரிய கேமரா எடுத்திருக்கணுமோ?"

ஷாகிதா ஃபோகஸுக்குத் தூரம் அளக்கும் டேப்பை எடுத்தார். ஒரு முனையை லென்ஸுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அவரிடம் நீட்டினார்.

"அவங்க கண்ணு வரைக்கும் கொண்டு போங்க அண்ணே."

தேவசகாயம் வரப்பில் நடந்தார். பாதி வழியில் டேப் இழுத்துப் பிடித்தது. திரும்பிப் பார்த்தார். ஷாகிதா பனிக்குள் சிறிய உருவமாகத் தெரிந்தார்.

"டேப் எட்டலை மேடம்."

"விட்டுட்டுப் போங்க."

 டேப்பின் முனையை விட்டார். டேப் சரசரவென்று பின்னால் ஓடியது.

அவர் பக்கத்தில் வந்ததும் ரோசம்மாள் நிமிர்ந்தாள்.

"அம்புட்டுத் தூரத்துல நின்னுக்கிட்டு என்னல பாத்த?"

"படம் எடுக்கேன்க்கா."

"நானும் விடிஞ்சதுலேருந்து உன்னையத்தான் பாத்துட்டிருக்கேன்."

 அவள் வரப்பில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார்.

"சூசையோட புதுச் சட்டை ஒண்ணு கெடக்கு," என்றாள். "அவன் போடவேயில்ல. உனக்குச் சேரும்னு நெனைக்கேன்."

தேவசகாயம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உப்பில் காய்த்த கை. இருவரும் அழுதார்கள். பாத்தித் தண்ணீரில் வெளிச்சம் மெல்லப் பரவியது.

அவர் திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அக்காவின் உருவம் தூரத்திலேயே தெளிவாகத் தெரிந்தது.

"பனி போயிடுச்சு மேடம். ஷாட்டும் போச்சு."

"சரி," என்றார் ஷாகிதா. "இப்ப கேமராவை எங்க வைக்கலாம்?"

தேவசகாயம் கேமராவோடு ட்ரைபாடைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்காவை நோக்கி நடந்தார்.