சத்தத்துக்குப் பெயர்

"என் காதை நீங்க நம்பவே மாட்டேங்கிறீங்க, மேஸ்திரி" என்றார் ஜெயவீரன்.

ஒச்சம்மாள் பானட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினாள்.

போடி மலையடிவாரத்தில் அவளுடைய பட்டறை. வருவதெல்லாம் பழைய பெட்ரோல் கார்கள். ஜெயவீரன் அவளைவிட மூத்தவர். ஆயுசில் பாதி லாரி ஓட்டியவர். ஓட்டினது போதும், தொழில் கற்றுக்கொடு என்று வந்து நின்றார். அன்றிலிருந்து அவளுக்கு அவர் அண்ணன், அவருக்கு அவள் மேஸ்திரி.

கார் இன்னாசியுடையது. மலைமேல் ஏலத்தோட்டத்தில் அவர் மகள் நிறைமாசம். காலையில் அவளை ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுவர வேண்டும். தைப்பூசம் என்பதால் வாடகை வண்டியெல்லாம் பழனிக்குப் போய்விட்டன. இந்த நேரம் பார்த்து இன்ஜினில் ஒரு சத்தம்.

ஜெயவீரன் கண்ணை மூடிக் கேட்டார். உடனே சொல்லிவிட்டார்.

"உள்ளே பேரிங் போச்சு. இன்ஜினைப் பிரிக்கணும். இப்படியே ஏறினா நடுமலையில இறுகி நின்னுடும்."

இன்னாசியின் முகம் செத்துப்போயிற்று.

ஒச்சம்மாள் கேட்டாள்: "என்ன சத்தம்ணே?"

"அதான் சொன்னேனே, பேரிங்."

"நோயைக் கேக்கல. சத்தத்தைக் கேட்டேன்."

"டொக்கு டொக்குனு."

"எங்க இருந்து?"

"இன்ஜின்ல இருந்து."

"இன்ஜின்ல எங்க?"

ஜெயவீரன் இன்ஜினை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் முதல் பிளக்கின் ஒயரை உருவினாள். இன்ஜின் நொண்டியது. அந்த சிலிண்டரின் பேரிங் என்றால் சத்தம் இப்போது அடங்க வேண்டும்.

டொக். டொக்.

மாட்டினாள். அடுத்ததை உருவினாள்.

டொக். டொக்.

கடைசி ஒயர்வரை அப்படியே. சத்தம் துளியும் மாறவில்லை.

"அப்ப என்னதான் மேஸ்திரி?"

"எனக்கும் தெரியாது" என்றாள். இன்ஜினை அணைத்து ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தாள். போய்க் கை கழுவத் தொடங்கினாள்.

அவர் ஸ்பேனரோடு நின்றார். மறுபடி ஏதோ ஒரு பெயர் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினார்.

ஃபேன் பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினார். இனி அது சுற்றும் பாகங்கள் நிற்கும், இன்ஜின் மட்டும் ஓடும். சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் ஓடியது. வேறொன்றும் கேட்கவில்லை.

உடனே அணைத்தார். ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். அதைத் தாங்கும் வாட்டர் பம்பின் தண்டு, விழப்போகும் பல் மாதிரி ஆடியது.

இன்னாசி டவுனுக்கு ஓடிப் புதுப் பம்பு வாங்கிவந்தார். சாயங்காலத்துக்குள் ஜெயவீரன் தானே மாட்டி முடித்தார். ஒச்சம்மாள் பக்கத்தில்கூட வரவில்லை. இன்ஜினை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ரேடியேட்டர் பக்கம், அடிப்பக்கம், சைலன்சர் பக்கம் என்று ஒவ்வோர் இடமாகக் குனிந்து நின்று கேட்டார்.

இன்னாசி நேரே ஒச்சம்மாளிடம் போனார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இதுல என் புள்ளைய நம்பி ஏத்தலாமா?"

"வேலை பார்த்தது அண்ணன். அவரைக் கேளுங்க."

இன்னாசி திரும்பினார்.

ஜெயவீரன் கையைத் துடைத்துக்கொண்டார். பானட்டை இறக்கிச் சாத்தினார். பிறகு முன்கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார்.

"ஏறுங்க" என்றார். "ராத்திரி தோட்டத்துலயே தங்கிட்டு, விடிஞ்சதும் நானே இறக்கிட்டு வர்றேன்."