வெயிலை மறக்காத கிழங்கு

காய்கறிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மேகம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் ஒரு மலைச்சரிவில் நான்கு உடன்பிறப்புகள் வாழ்ந்தார்கள். மூத்தவள் கத்தரி. அடுத்தவள் தக்காளி. மூன்றாவது மிளகாய் அண்ணன். கடைக்குட்டி உருளை. அப்போது உருளையும் மற்றவர்களைப் போலக் கிளையில்தான் காய்த்துத் தொங்கினான். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

அவை நல்ல நாட்கள். காலையில் மேகம் விலகியதும் முதல் வெயில் அவர்கள் மேல்தான் விழும். தக்காளி கன்னம் சிவப்பாள். கத்தரி மினுக்கிக்கொள்வாள். மிளகாய் யார்மேலாவது கோபப்பட்டுக்கொண்டிருப்பான். உருளை மட்டும் ஒன்றும் செய்யமாட்டான். வெயிலில் லேசாக ஆடிக்கொண்டு, அக்காமார் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். சோம்பேறி என்று மிளகாய் கேலி செய்தால்கூடச் சிரிப்பான். அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே அந்தச் சரிவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும்போல இருக்கிறது.

அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் களையெடுத்தவள் காராயி. சரிவின் அடியில் புருஷன் சடையனோடு குடியிருந்தாள். அந்த மார்கழியில் சடையனுக்குக் காய்ச்சல் கண்டது. இருபது நாள் கழித்துக் காய்ச்சல் விட்டதே தவிர, ஆள் எழுந்திருக்கவில்லை. சாமைச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. கத்தரிக்காய் குமட்டியது, தக்காளி புளித்தது, மிளகாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உருளையை அவித்து மசித்து, ஒரு கல் உப்புப் போட்டுக் கொடுத்தால் மட்டும் தின்றான். தின்ற நாளெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தான்.

அப்படியிருக்கும்போது வானம் தெளிந்துவிட்டது. மலையில் தை பிறக்கும் சமயத்தில் வானம் தெளிந்தால் உறைபனி விழப்போகிறது என்று அர்த்தம். விழுந்தால், மண்ணுக்கு மேலே இருக்கும் பச்சை எல்லாம் ஒரே நாளில் கருகிவிடும். சடையன் தேற இன்னும் ஒரு மாதமாவது வேண்டும். அதுவரை கொடுக்க ஒரு காய்கூட மிஞ்சாது. காராயி செடியடியில் உட்கார்ந்து அழுதாள். அக்காமார் இருவருக்கும் மனசு கேட்கவில்லை, ஆனால் அவர்கள் என்ன செய்வார்கள்? பனிக்கு விதையாகி உதிர்வதும், பனி போனதும் முளைத்து வருவதும்தான் அவர்கள் அறிந்த வழி.

"பனி மண்ணுக்குள்ள எட்டாது ஆத்தா. நான் கீழ போயிர்றேன். ரெண்டு மாசம்னாலும் கெடாம இருப்பேன்" என்றான் உருளை.

கத்தரி பதறிப்போனாள். மண்ணுக்குள் போனவன் திரும்பக் கிளைக்கு வரமுடியாது என்று எடுத்துச் சொன்னாள். உருளை வெயிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் ஆத்தா. தோண்டி எடுத்தா என்னைய வெயில்ல காட்டாத. வெயிலப் பாத்தா வீட்டு நெனப்பு வந்துரும். வந்துட்டா நான் ஒண்ணுக்கும் ஆகமாட்டேன்."

காராயி தலையாட்டினாள். உருளை கிளையை விட்டான். தண்டோடு வழுக்கி இறங்கி மண்ணுக்குள் போய்விட்டான். மறுநாள் சரிவு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. மற்ற மூவரும் விதையாகிப் போயிருந்தார்கள்.

காராயி ஒரு வரிசையைத் தோண்டினாள். கிழங்கு கிழங்காக வந்தது. அவள் கட்டுச்செட்டான குடித்தனக்காரி. பயறோ மல்லியோ, எது வந்தாலும் நல்லா வெயிலில் காயவைத்துத்தான் பானையில் போடுவாள். அந்தப் பழக்கம் கையில் ஊறியது. போதாததற்கு, குளிரில் கிடந்த பிள்ளை என்ற இரக்கம் வேறு. வாக்குக் கொடுத்ததை மறந்தே போனாள். பாயை விரித்து நாலு நாள் காயப்போட்டாள். கிழங்குகள் பச்சை பூத்தன. செழிப்பாகிவிட்டது என்று நினைத்து அவித்துக் கொடுத்தாள்.

ஒரே கசப்பு. பெண்டாட்டி பாடுபட்டு ஆக்கியதாயிற்றே என்று சடையன் குறை சொல்லாமல் தின்று முடித்தான். பொழுது சாய்வதற்குள் வாந்தியெடுத்து, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தான்.

காராயி சரிவுக்கு ஓடி, மிச்ச வரிசையைத் தோண்டினாள். ஒரு கிழங்கைக் கையில் எடுத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"வெயில் மேல பட்டதும் அக்காமாரு பேச்சு கேட்டுச்சு ஆத்தா" என்றான் உருளை. "திரும்பக் காயாயிரலாம்னு பாத்தேன். வேற நெனப்பே இல்ல."

அப்போதுதான் கொடுத்த வாக்கு அவளுக்கு நினைவு வந்தது. தவறு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றிக் கிழங்குகளை மூடினாள். அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டே வீட்டுக்குத் தூக்கிவந்தாள். பச்சை பூத்ததையெல்லாம் தூரக் கொட்டினாள். நல்லதை இருட்டு மூலையில் சாக்குப் போட்டு மூடிவைத்தாள். தோலைச் சீவினால் சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்று பயந்து, தோலோடு அவித்து, உரித்துக் கொடுத்தாள். சடையன் முதல் நாள் ஒரு வாய் தின்றான். பத்தாம் நாள் வாசலில் வந்து உட்கார்ந்தான். மாசியில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

உருளைக்கிழங்கு வாயு, அது ஆகாது என்று சிலர் இப்போது முகம் சுளிக்கிறார்கள். சட்டி நிறைய எண்ணெயில் பொரித்துத் தட்டு தட்டாகத் தின்றுவிட்டுக் கிழங்கைத் திட்டினால் அது என்ன செய்யும்? அவித்துத் தின்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பனி போனதும் அக்காமாரும் அண்ணனும் முளைத்து வந்தார்கள். தம்பி எங்கே என்று தேடினார்கள். மண்ணிலேயே தங்கிவிட்ட உருளையால் வரமுடியவில்லை, பூவை மட்டும் மேலே அனுப்பினான். கத்தரிப் பூவைப் போலவே இருந்ததால், அது தங்கள் வீட்டுப் பூதான் என்று அவர்கள் உடனே தெரிந்துகொண்டார்கள்.

அன்று முதல்தான் மலையில் கிழங்கு தோண்டுகிறவர்கள் உடனே சாக்கைப் போட்டு மூடி நிழலுக்குக் கொண்டுபோகிறார்கள். மூட மறந்தால், எத்தனையோ தலைமுறையாக மண்ணுக்குள்ளேயே பிறந்த கிழங்கும் வீட்டை நினைத்துப் பச்சையாகிவிடுகிறது.