எருமையின் சம்மதம்

ஒரு பல்கலைக்கழகத்தில் அறநெறி ஆய்வு மையம் இருந்தது. தத்துவம், சட்டம், மருத்துவம், கால்நடை என்று பல துறைப் பேராசிரியர்கள் அதில் உறுப்பினர்கள். தலைவர் வைத்தியலிங்கம் வாய் திறந்தால் மற்றவர்கள் வாய் மூடிக்கொள்வார்கள்.

பால் கறக்கும்போது எருமைக்குப் பாட்டுப் போடுவது நியாயமா என்று ஆராய்ச்சி செய்ய அனுமதி கேட்டு வந்தாள் மாணவி பூங்கோதை.

"முதல்ல எருமையோட சம்மதத்தை வாங்கிட்டு வா. இல்லேன்னா ஆராய்ச்சியும் கிடையாது, உனக்கு இங்கே இடமும் கிடையாது" என்றார் தலைவர்.

அழுதுகொண்டே போன பூங்கோதை, மறுநாள் கூட்டத்துக்கு எருமையையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஏசி அறைக்குள் எருமை சுகமாக நின்றது.

"சம்மதிச்சிருச்சு சார். கேட்டேன், தலையாட்டுச்சு."

"ஏம்மா, தலையாட்டினா சம்மதமா? விஷயம் புரிஞ்சுதான் ஆட்டுச்சுன்னு எப்படி நம்புறது?" என்று சீறினார் தலைவர்.

"இங்கே வழக்கமே அதுதானே சார்? நீங்க பேசி முடிச்சதும் இவங்க எல்லாரும் தலையாட்டுறாங்க. நீங்களும் ஏகமனதாச் சம்மதம்னு சொல்லிடுறீங்க. யாருக்காவது புரிஞ்சுதான்னு ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா?"

தலைவரின் முகம் சிவந்தது. உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணு சொல்றதைக் கேட்டீங்களா? எதையும் யோசிக்காம தலையாட்டுற ஆளுங்களா நீங்க?"

பழக்கதோஷம். அத்தனை பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அந்த அறையில் தலையை ஆட்டாமல் நின்றது எருமை ஒன்றுதான். தலைவர் மறுபேச்சில்லாமல் அனுமதி கொடுத்தார். பூங்கோதை எருமையை ஓட்டிக்கொண்டு பாட்டுப் போடப் போனாள்.