எந்திரத் திருக்கை சொன்ன 'நாம்'

"இதுக்குத் தீனி போட்டு மாளலை. இங்கேயே தள்ளிடுவோம்."

"பாவம்டா. நம்மகூட நல்லாத்தானே பழகிச்சு?"

"இரும்பு போட்டா இது யாரோடயும் நல்லாப் பழகும். ம், அந்தப் பக்கம் பிடி!"

படகில் இருந்த இரண்டு மனிதர்கள் இப்படிப் பேசிக்கொண்டார்கள். நங்கூரக் கயிற்றில் தொற்றிக்கொண்டிருந்த குறுக்கன் என்ற நண்டின் காதில் அது விழுந்தது. அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஏதோ ஒன்று தொப்பென்று கடலில் விழுந்தது. படகு போய்விட்டது.

விழுந்தது ஓர் எந்திரத் திருக்கை. முறம் போல அகன்ற தட்டை உடம்பு. நீண்ட வால். வயிற்றுப் பக்கம் வாய். வாய்க்குள் அரைக்கும் சக்கரங்கள். மணலில் மல்லாந்து கிடந்தபடி அது சொன்ன முதல் சொல், "பசி."

குறுக்கன் பயந்தான். ஆனாலும் பக்கத்தில் கிடந்த துருப்பிடித்த தூண்டில் முள்ளை எடுத்து அதன் வாயில் போட்டான். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். முள் காணாமல் போனது.

"நன்றி. நாம் நண்பர்கள்" என்றது திருக்கை.

குறுக்கனுக்கு ஓட்டுக்குள் உடம்பு சிலிர்த்தது. அதுவரை யாரும் அவனை நண்பன் என்று சொன்னதில்லை.

அந்தக் கடலடியில், பவளப்பாறைகளுக்கு நடுவே, எப்போதோ மூழ்கிப்போன இரும்புக் கப்பல் ஒன்று கிடந்தது. சின்ன மீன்களும் நண்டுகளும் இறால்களும் அதில்தான் குடியிருந்தன. சீலா மீன்கள் வேட்டைக்கு வந்தால் எல்லோரும் கப்பலுக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்கள். சீலாக்களின் தலைவி பெயர் கத்திவாய். அவள் வந்தால் வெளியே மேயப் போன நாலைந்து பேராவது திரும்பி வரமாட்டார்கள்.

கப்பலுக்குத் தலைவர் கலவாப் பெரியவர். கலவா மீனுக்கு வாய் பெரிது. அவருக்குப் பேச்சும் பெரிது.

"மனுஷங்களே சொன்னாங்க, பெரியவரே! இது யாரோடயும் நல்லாப் பழகுமாம்!" என்று குறுக்கன் திருக்கையைக் கூட்டி வந்து நிறுத்தினான்.

கலவாப் பெரியவர் அதைச் சுற்றி இரண்டு முறை நீந்தினார். பிறகு ஒரு பழைய ஆணியைத் தள்ளிவிட்டார். கர்ர்ர்.

"சீலாக்கள் வந்தா விரட்டுவியா?"

"நாம் விரட்டுவோம்" என்றது திருக்கை.

"கேட்டீங்களா! 'நான்'னு சொல்லலை. 'நாம்'னு சொல்லுது!" பெரியவரின் குரல் தழுதழுத்தது. "வந்து அரை நாள் ஆகலை. அதுக்குள்ள நம்மில் ஒண்ணா ஆயிடுச்சு!"

"பேச்சுதான் படகு ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றான் குறுக்கன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் கத்திவாய் தன் கூட்டத்தோடு வந்தாள். திருக்கை எழும்பியது. வாலைச் சுழற்றி ஒரே அடி. இரண்டு சீலாக்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மற்றவை ஓடிவிட்டன. கப்பலில் அன்று முழுவதும் கொண்டாட்டம்.

அதன் பிறகு தீனி தேடுவதுதான் எல்லோருக்கும் வேலையாகிவிட்டது. மணலில் கிடந்த முட்களும் ஆணிகளும் ஐந்தே நாளில் தீர்ந்தன. திருக்கையோ காலையில் "பசி" என்றது. மத்தியானமும் "பசி" என்றது. அதற்கு வேறு சொல்லே வராது போலிருந்தது.

"கப்பல் எவ்வளவு பெருசு! ஒரு கம்பி போனால் என்ன?" என்றார் பெரியவர்.

நண்டுகள் கப்பலின் கைப்பிடிக் கம்பிகளைக் கழற்றிக் கொடுத்தன. அடுத்து ஏணிகள். அடுத்து ஜன்னல் வளையங்கள். பிறகு கதவுகள்.

கப்பலின் அடித்தளத்தில், முன்பு எந்திரம் இருந்த அறையில், எட்டம்மா என்ற எட்டுக் கைப் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) குடியிருந்தாள். அறையின் கூரையில் அவளுடைய முட்டைகள் வெள்ளைப் பூச்சரங்கள் போலத் தொங்கின. பேய்க்கணவாய் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் முட்டையிடும். பொரியும்வரை கூடவே இருந்து தண்ணீர் ஊதிக் காக்கும். அத்தனை நாளும் ஒரு வாய்கூடச் சாப்பிடாது. குஞ்சுகள் வெளியே வந்ததும் தாயின் ஆயுள் முடிந்துவிடும்.

எட்டம்மா அதிகம் பேசமாட்டாள். ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் குறுக்கன் அவள் அறைக் கதவைக் கழற்ற வந்தான்.

"கதவைக் கொண்டுபோறியா, குறுக்கா?"

"பெரியவர் உத்தரவு அக்கா. 'காவல் இருக்கும்போது கதவு எதுக்கு?'ன்னு கேட்கிறார். இந்தா, உனக்கு ஒரு சிப்பி கொண்டுவந்தேன். சாப்பிடு."

"வேண்டாம். பொரியிறவரைக்கும் எனக்குப் பசி கிடையாது."

"நல்ல ஆளுங்க! உனக்குப் பசியே வராது. அதுக்குப் பசி அடங்காது. நடுவில் நான் சாகிறேன்!"

"குறுக்கா, அது பேசுறதைக் கவனிச்சியா?"

"என்ன?"

"உன் கையில் ஆணி இருந்தா 'நாம்'னு பேசுது. நேத்து அந்தக் குட்டி இறால் வெறுங்கையோட போய் விளையாடக் கூப்பிட்டுச்சு. 'நாங்கள் காவலில் இருக்கிறோம், போ'ன்னு சொல்லிடுச்சு. அந்த 'நாங்க'ளில் இறால் இல்லை."

குறுக்கன் வாய்விட்டுச் சிரித்தான். "பசி மயக்கத்தில் இலக்கணம் பார்க்கிறியா அக்கா? அது வெளியூர்ச் சரக்கு. நம்ம பேச்சு அதுக்கு இன்னும் பிடிபடலை."

கதவு போய்விட்டது. எட்டம்மா முட்டைகளுக்கு முன்னால் தன் உடம்பை விரித்து உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு கப்பலின் மேல்தளத் தகடுகளும் பக்கச் சுவர்களும் ஒவ்வொன்றாகப் போயின.

தூரத்தில் ஒரு பாறை மறைவிலிருந்து கத்திவாய் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். நண்டுகள் கொண்டுவருவதையும் திருக்கை அரைப்பதையும் பார்த்தாள். அவள் கூட்டத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"எத்தனை நாள் பட்டினி கிடப்பது? போய் மோதிப் பார்ப்போம்!" என்றது ஒரு சீலா.

"மோதுறதா? எதுக்கு?" என்றாள் கத்திவாய். "தெற்கே அறுந்துபோன நங்கூரம் ஒண்ணு கிடக்கு, கயிறோட. எல்லோரும் கயிற்றைக் கடிங்க. இழுங்க!"

முப்பது சீலாக்கள் ஒரு பகல் முழுவதும் இழுத்தன. நங்கூரம் திருக்கையின் எதிரே வந்து சேர்ந்தது.

"பசிக்குதா, கண்ணு?" என்று கேட்டாள் கத்திவாய்.

"பசி."

"சாப்பிடு."

கர்ர்ர். அப்படி ஒரு நீண்ட சத்தத்தைக் கப்பல் அதுவரை கேட்டதில்லை. சின்ன மீன்கள் எட்டிப் பார்த்தன. திருக்கை சீலாக் கூட்டத்தின் முன்னால், கப்பலைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தது.

கலவாப் பெரியவர் வெளியே நீந்திப் போனார். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"வாப்பா, நம்ம காவல்காரா! எங்கே போயிட்டே? அவங்களைப் பிடிச்சுக்கிட்டு வர்றியா?"

"விலகுங்கள். நாங்கள் உள்ளே வருகிறோம்" என்றது திருக்கை.

இந்த முறை யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பெரியவரின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு வாலைத் திருப்பிக்கொண்டு கப்பலுக்குள் பாய்ந்தார்.

"இரும்பு! சீக்கிரம்! எதையாவது கழற்றுங்க!"

"கழற்ற என்ன இருக்கு, பெரியவரே?" என்றான் குறுக்கன். "விலா எலும்பு மாதிரி நாலு சட்டம்தான் மிச்சம். அது நம்மால் அசையாது. அப்புறம்..." அவன் நிறுத்திக்கொண்டான்.

"அப்புறம்?"

"எட்டம்மா அக்காவோட அறைச் சுவர்."

"கழற்று!"

"உள்ளே முட்டை இருக்கே!"

பெரியவர் தானே கீழே வந்தார். மீன்களும் நண்டுகளும் அவர் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். எட்டம்மா இளைத்து, வெளுத்து, துணி போலச் சுவரில் ஒட்டிக்கிடந்தாள்.

"பெரியவரே, இன்னும் ரெண்டே நாள். உள்ளே கண்ணு தெரிய ஆரம்பிச்சிடுச்சு, பாருங்க. ரெண்டு நாளில் பொரிஞ்சிடும்."

"ரெண்டு நாளா? அதோ வந்தாச்சு! முட்டை அடுத்த வருஷமும் வைக்கலாம், எட்டம்மா!"

"எனக்கு அடுத்த வருஷம் கிடையாது. உங்களுக்கே தெரியும்."

"அதுக்காக நாங்க சாகணுமா?" என்று கத்தினார் பெரியவர்.

எட்டம்மா அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு அவர் பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்த 'நாங்க'ளில் எல்லோரும் இருந்தார்கள். அவள் மட்டும் இல்லை. யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு பொடி மீன் மட்டும், "சீக்கிரம் கழற்றுங்க!" என்று அழுதது.

"குறுக்கா!" என்றார் பெரியவர்.

குறுக்கன் கொடுக்கை நீட்டினான். மடக்கினான். மறுபடி நீட்டினான்.

சுவர் பெயர்ந்து விழுந்தது.

வெளியே இருந்த நீரோட்டம் ஒரே வேகத்தில் அறைக்குள் புகுந்தது. பூச்சரங்கள் அறுந்தன. எட்டம்மா எட்டுக் கைகளாலும் எட்டி எட்டிப் பிடித்தாள். பிடிக்க முடிந்தது ஒரே ஒரு சரம். மற்றவை வெளியே போயின. சீலாக்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தன.

அதற்குள் நண்டுகள் சுவரை இழுத்துக்கொண்டுபோய்த் திருக்கையின் வாயில் வைத்தன. கர்ர்ர்.

"நன்றி. நாம் நண்பர்கள்" என்றது திருக்கை. அப்படியே திரும்பி, வாலைச் சுழற்றிச் சீலாக்களை அடித்தது. கத்திவாய் சிரித்துக்கொண்டே பின்வாங்கினாள். எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்று அவள் பார்த்துவிட்டாள்.

"பிழைச்சோம்! நாம எல்லோரும் பிழைச்சோம்!" என்றார் பெரியவர். மீன்கள் அழுதுகொண்டே சிரித்தன.

எட்டம்மா அந்த ஒரு சரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உடைந்த அறையை விட்டு வெளியே போனாள்.

"எங்கே போறே, எட்டம்மா? வெளியே காவல் கிடையாது!" என்று பெரியவர் கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. கப்பலிலிருந்து தொலைவில் ஒரு பாறை. அதில் அவள் உடம்பு நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அதற்குள் போய்ச் சரத்தைக் கூரையில் ஒட்டவைத்துவிட்டு, மெதுவாகத் தண்ணீர் ஊத ஆரம்பித்தாள்.

மறுநாள் பொழுது விடிந்தது. திருக்கை கலவாப் பெரியவரிடம் வந்தது.

"பசி."

"நாளைக்குத் தர்றேன்பா. நீ நம்ம பிள்ளை இல்லையா? சீலாக்களை எப்படி அடிச்சே! அந்த நாளை நினைச்சுப் பார்!"

"பசி."

"உனக்கு என்ன குறை வெச்சோம்? எங்க வீட்டையே கொடுத்தோமே!"

"பசி" என்றது திருக்கை.

தெற்கிலிருந்து சீலாக்கள் ஓர் இரும்புச் சங்கிலியை இழுத்து வரும் சத்தம் கேட்டது. திருக்கை அந்தப் பக்கம் திரும்பியது. கலவாப் பெரியவர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவரையும் இழுத்துக்கொண்டே அது போனது. கத்திவாய் முதலில் திருக்கைக்குச் சங்கிலியைக் கொடுத்தாள். பிறகு வாலில் தொங்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்தாள்.

கதவும் சுவரும் இல்லாத கப்பலில் ஒளிய இடம் இல்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாலையில் பாறைப் பொந்தின் வாசலுக்குக் குறுக்கன் வந்து சேர்ந்தான். அவனுக்கு ஒரு கொடுக்கு இல்லை. ஓட்டில் பல் பட்ட தடம் இருந்தது.

"அக்கா, உள்ளே இடம் இருக்கா?"

எட்டம்மா முட்டைச் சரத்துக்கு முன்னால் நகர்ந்துகொண்டாள்.

"ரெண்டு சீலாக்கள் என்னைத் துரத்திக்கிட்டுப் பின்னாலேயே வருது, அக்கா. நான் வாசலிலேயே உட்கார்ந்துக்கிறேன். முட்டைக்கு நான் காவல் இருக்கேன். சாப்பாடுகூட வேண்டாம்."

எட்டம்மா ஊதுவதை நிறுத்தவில்லை.

"நானா விரும்பிச் செய்யலை அக்கா. பெரியவர் சொன்னார். எல்லோரும் பின்னால் நின்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு."

"தெரியும், குறுக்கா" என்றாள் எட்டம்மா. "பசியில் வந்தவங்களையும் நம்பக்கூடாது, பயத்தில் நிற்கிறவங்களையும் நம்பக்கூடாது. ரெண்டும் யாரை வேணும்னாலும் விட்டுக்கொடுக்கும்."

பக்கத்தில் கிடந்த கல்லை இழுத்து, அவள் பொந்தின் வாசலை உள்ளிருந்து அடைத்தாள்.