கதவோரம் வந்த மைக்

கோவை பம்புசெட் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் நாச்சிமுத்து, கருத்தரங்கு ஏற்பாட்டாளர் தில்ஷாத்திடம் கறாராகச் சொன்னார்: "போன வருஷம் நான் பேசறப்ப முன்வரிசை பூராவும் காலி. எல்லாரும் கதவோரம் போய் உட்கார்ந்துட்டாங்க. இந்தத் தடவையும் அப்படின்னா இனி உனக்கு இங்க வேலையில்லை."

அந்த நாளும் வந்தது. உறுப்பினர்கள் வழக்கம்போலக் கதவோரம் குவிந்தார்கள். தில்ஷாத் மைக்கைக் கதவருகே கொண்டுபோய் நட்டு, நாற்காலிகளைத் திருப்பிப் போடச் சொன்னாள். கடைசி வரிசை முன்வரிசையானது.

"ஏம்மா, மேடையில கிடக்கிற என் சோபா?"

"அதுதானுங்க சார் இப்பக் கடைசி வரிசை."

அரங்கமே சிரித்தது. தலைவர் நின்றபடியே பேசினார். எதிரிலேயே இருந்தவர்கள் முதன்முறையாகக் கேள்வி கேட்டார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒருவரும் எழவில்லை.

தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வருஷமும் நீயே பாரும்மா. மேடை போடாதே."