முதல் மிடறு

ஒரு காட்டில் சிங்கராஜா இருந்தார் என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை, குழந்தைகளே. என்ன செய்ய, இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. கொம்பையா என்கிற யானைதான் பெரியவர். மலை மாதிரி உடம்பு, வெண்ணெய் மாதிரி மனசு.

காடு ஒரு தீவில் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் உப்புத் தண்ணீர். நடுவே பாறையடியில் ஒரே ஓர் ஊற்று. குடிக்க அதை விட்டால் வேறு கதியில்லை.

அந்த ஊற்றங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி வந்தால் முதல் மிடறு அவருக்குத்தான். அவர் குடித்து, தலை நிமிர்ந்து, "போதும்" என்று சொல்லும்வரை காட்டு விலங்கு எதுவும் தண்ணீரில் வாய் வைக்காது. வந்தவர்களும் நாலு வாய் குடித்துவிட்டுப் போதும் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் யாருக்கும் கஷ்டம் வந்ததில்லை.

ஒரு நாள் காலையில் கடலில் ஓர் அதிசயம் தெரிந்தது. பெரிய மரவீடு ஒன்று மிதந்து வந்தது. அதன் உச்சியில் மேகங்களைப் பிடித்துக் கட்டினாற்போல வெள்ளை வெளேரென்று பாய்கள் விரிந்திருந்தன. அது கப்பல் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். பாவம், காட்டு விலங்குகளுக்குத் தெரியாதே.

விலங்குகள் எல்லாம் கரைக்கு ஓடிவந்து வாயைப் பிளந்து நின்றன. முயல் மென்ற புல்லை விழுங்க மறந்துபோனது. தோகையன் என்றொரு மயில், பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தன்னைத் தவிர வேறொன்றைப் பார்த்து வியந்தான்.

"காற்றையே வேலைக்கு வைத்திருக்கிறார்களப்பா" என்றான் அவன்.

கப்பலிலிருந்து ஒரு வெண்ணரி இறங்கி வந்தது. கொம்பையாவின் காலடியில் பணிவாகக் குனிந்து, "ஐயா, தாகமாக இருக்கிறது" என்றது.

"இவ்வளவு பெரிய மரவீட்டில் வந்தவர் நம்மிடம் தண்ணீர் கேட்கிறாரே" என்று கொம்பையாவுக்குப் புல்லரித்துவிட்டது. தானே முன்னால் நடந்து வழி காட்டினார்.

நரி ஊற்றில் வாய் வைத்தது. குடித்தது. கரையிலேயே படுத்துக்கொண்டது. பொழுது சாய்ந்தும் எழுந்திருக்கவில்லை.

"திருப்தியா?" என்று கொம்பையா கேட்டார்.

"இன்னும் ஒரு மிடறு பாக்கி இருக்கிறது, ஐயா. நிதானமாகக் குடிக்கிறேன்."

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் ஊரில் சொல்வோம். அந்தக் காட்டில் அதைச் சொல்ல ஆளில்லை. விருந்தாளியை விரட்டுவது மகா பாவம் என்று மட்டும்தான் அங்கே தெரியும். அடுத்த கப்பல் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. இறங்கிய நரி ஒவ்வொன்றும் விருந்தாளி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மிடறு பாக்கி.

காட்டுக்கே நாக்கு வறண்டபோது வெண்ணரி தானாகவே ஒரு வழி சொன்னது.

"விருந்தாளி நானே என் கையால் கொடுத்தால் வழக்கம் மீறியதாகாது. கப்பலுக்குச் சந்தனக்கட்டையும் மிளகும் கொண்டுவருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் தருகிறேன்."

"எவ்வளவு தாராளம்" என்றான் தோகையன். அவனுக்கு வரிசைத் தலைவர் என்று ஒரு பட்டம் கொடுத்து, கழுத்தில் சிவப்புத் துணியும் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து வரிசை மீறியவர்களை நரிகள் கடிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. இவனே கொத்தினான்.

கொம்பையா சந்தன மரங்களை முறித்து இழுத்தார். குரங்குகள் மிளகு பறித்தன. புள்ளிமான் மருதாயி என்ன செய்வாள்? தும்பிக்கையா இருக்கிறது, கையா இருக்கிறது? அவளுக்கு இரண்டு குட்டிகள். கொம்பையா தனக்குக் கிடைத்ததில் பாதியை மான்களுக்கு ஊற்றுவார். எத்தனை வாய்க்கு அது காணும்? ஒரு நாள் மூத்த குட்டி தாகத்தில் சுருண்டு விழுந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

இளையதும் தள்ளாடத் தொடங்கியபோது மருதாயி அதை முட்டி முட்டி நடத்திக்கொண்டு ஊற்றங்கரைக்கு வந்தாள். தோகையன் அவள் நெற்றியில் கொத்தினான். அவள் நகரவில்லை.

"ஐயா, பாக்கி மிடற்றை எப்போது குடிப்பீர்கள்? என் பிள்ளை சாகப்போகிறது" என்றாள்.

வெண்ணரி இப்போது நன்றாகக் கொழுத்திருந்தது. பணிவெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"யாரிடம் கேள்வி கேட்கிறாய்? எங்கள் குட்டிகள் இங்கேதான் பிறந்தன. இது எங்கள் ஊற்று. இங்கே நாங்கள்தான் சொந்தக்காரர்கள். தினமும் எங்கள் தயவில் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் நீங்கள்."

மருதாயி அதைக் காது கொடுத்துக் கேட்டாள். அப்புறம் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் புத்தி கெட்டவள், ஐயா. இதைப் பாறைமேல் ஏறி உரக்கச் சொன்னால் எங்கள் எல்லோருக்கும் புரியும்."

புகழ்ச்சிக்கு ஏங்கும் வாய் சும்மா இருக்குமா? நரி பாறைமேல் தாவி ஏறியது. "எல்லோரும் கேளுங்கள். நாங்கள் விருந்தாளிகள் அல்ல. இந்த ஊற்றுக்குச் சொந்தக்காரர்கள்" என்று காடு முழுவதும் கேட்கக் கூவியது.

மரக்கட்டையை இழுத்துக்கொண்டிருந்த கொம்பையா நின்றார்.

"கேட்டீர்களா அண்ணாச்சி?" என்றாள் மருதாயி. "இவர் விருந்தாளி இல்லையாம். அவரே சொல்கிறார். இனி எந்த வழக்கம் உங்கள் காலைக் கட்டியிருக்கிறது?"

கொம்பையா கட்டையைக் கீழே போட்டார். வெகுநாளைக்குப் பிறகு தலையை முழுக்க நிமிர்த்தினார். அப்போதுதான் காடு அவரைப் பார்த்தது. அம்மாடி, என்ன உயரம். கப்பலைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் எல்லாம் இப்போது இவரைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வழி விடுங்கள்" என்றார் கொம்பையா. ஓர் அடி எடுத்து வைத்தார். பூமி அதிர்ந்தது. குரங்குகள், பன்றிகள், மான்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் நடந்தன. பாறைமேல் இருந்த நரி குதித்து இறங்கியது. அதுவும் அதன் கூட்டமும் வாலைச் சுருட்டிக்கொண்டு கப்பலுக்கு ஓடின.

ஊற்று சேறாகக் கிடந்தது. சுற்றிலும் ஒரு சந்தன மரம்கூட மிச்சமில்லை. இளைய குட்டி முன்னங்காலை மடக்கி, சேற்றுக்கு மேலே தேங்கிய தண்ணீரை நக்கிக் குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை எவரும் வாய் வைக்கவில்லை.

கொம்பையா தன் கால்களையே குனிந்து பார்த்தார்.

"இந்த உடம்பு நேற்றும் என்னிடம்தானே இருந்தது, தாயி" என்றார்.

"ஆமாம் அண்ணாச்சி" என்றாள் மருதாயி. "நேற்றே நினைவு வந்திருந்தால் என் மூத்தவனும் குடித்திருப்பான்."

நீதி: விருந்தாளிக்கு முதல் மிடறு கொடு, ஊற்றைக் கொடுக்காதே.